கப்பல்களின் எண்ணை எழுதி வை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். சென்னிமலைக்காரர்கள் விஷயம் நீ நினைத்தபடியே முடிந்தது. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நீ அனுப்பிய எந்திர அறைப் படத்தைப் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் காட்டினேன். "உங்க பையன் கப்பலையே கழட்டி மாட்டறானாட்ட இருக்குதுங்களே" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தோளிலும் காதோரத்திலும் சாம்பல் கலந்த வெள்ளைத் தூள் படிந்திருந்தது. முகமூடி தாடைக்குக் கீழே தொங்கியது. அது என்ன தூள் என்று கேட்டதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாய். பெற்றவள் கேட்டதற்கு அதுவா பதில்?

நெஞ்சக நோய் வார்டில் பாதி ஆயுளைக் கழித்தவளால் அதைப் பார்த்தும் பாராமல் இருக்க முடியவில்லை. பழைய கப்பல்களில் கொதிகலனையும் நீராவிக் குழாயையும் சுற்றிய காப்புறை, கேஸ்கெட், அறைத் தடுப்புப் பலகை எனப் பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் இழைக் கனிமம் இருக்கிறது. கப்பலில் அதைப் புதிதாகப் பொருத்துவதற்கான பன்னாட்டுத் தடை 2002 ஜூலையில் பெரும்பாலான பயன்பாடுகளுக்கும், 2011 ஜனவரியில் முழுமையாகவும் வந்தது. ஆனால் ஏற்கெனவே இருப்பது அப்படியே இருக்கிறது. சிங்கப்பூர்த் துவாஸில் உன்னிடம் பழுதுக்கு வருபவை பெரும்பாலும் அதற்கு முன் கட்டியவை என்று நீயே சொன்னாய். கண்ணாடிப் பஞ்சு என்றால் உடம்பு அரிக்கும். இது அரிக்காது, மணக்காது, பார்த்துச் சொல்லவும் முடியாது. ஆகவே பரிசோதனை அறிக்கையைக் காணும் வரை பழைய காப்புறை ஒவ்வொன்றையும் ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொள். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பான வேலைக்கென்று 2014 முதல் தனி விதிகளே உள்ளன. மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே.

அந்த இழை மூச்சோடு உள்ளே போய், நுரையீரலைச் சுற்றிய உறையில் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயாக வருவதற்குப் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும். எனவே போனில் கேட்கும் உன் இருமலை நான் அதனோடு சேர்த்துப் பேசவில்லை. இருமலைப் பற்றியே கேட்கவில்லை. போன முறை உன் சட்டைப் பையில் கிடந்த லைட்டரைப் பற்றியும் கேட்கவில்லை. புகைப்பதால் மீசோதீலியோமா வருவதில்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து பல மடங்காகும் என்று மட்டும் எழுதுகிறேன்.

வார்டில் இந்த நோய் கண்டவரை முன்னால் குனிந்து உட்காரச் சொல்லி, முதுகில் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியிட்டு நீர் எடுப்பார்கள். பாட்டிலில் சிவப்பு கலந்து இறங்கும். மூச்சு வந்துவிட்டது என்று அன்று இரவு நன்றாக உறங்குவார்; சில நாளில் மறுபடியும் நிரம்பிவிடும். நெஞ்சில் நீர் என்றதும் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். முப்பது வருடத்துக்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும், "எங்கெங்கயோ பார்த்தனுங்க" என்பதற்கு மேல் பதில் இராது.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு நோட்டுப் போடு. எந்தக் கப்பல், எந்த மாதம், எந்தக் குழாயைப் பிரித்தாய், எந்த ஒப்பந்தக்காரரிடம் இருந்தாய் என்று எழுது. கப்பலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணைக் கட்டாயம் எழுது. உரிமையாளர் மாறுவார், பெயரும் கொடியும் மாறும், அந்த எண் மாறாது. இந்த நோய் அங்கும் இங்கும் தொழில்வழி நோய்ப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் இழப்பீடு கேட்பவர்தான் எங்கே தூசி பட்டது என்று காட்ட வேண்டியிருக்கும். நம் உச்ச நீதிமன்றம் 1995இல், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது விலகியதிலிருந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்கச் சொன்னது. உன் ஒப்பந்தக்காரர் நாற்பது வருடம் காப்பார் என்று நான் நம்பவில்லை. நீ எழுது.

தாடி உனக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாடி இருந்தால் முகமூடி தோலோடு ஒட்டாது, அந்த இடைவெளி வழியே தூசி நுழையும். துணி முகமூடி இதற்கு ஆகாது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்தியதைக் கேட்டு வாங்கு. காப்புறையை நனைத்த பிறகே பிரிக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், எண்ணை எழுது.

காதுகுத்துக்கு வரும்போது வேலை உடுப்பு ஒன்றைக்கூடப் பெட்டியில் வைக்காதே. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் இந்த நோய் கண்ட 33 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் வேலையே செய்யாமல், அதன் அருகில் வாழ்ந்து வளர்ந்தவர்களும் இருந்தார்கள். கணவரின் உடுப்பைத் துவைத்தே நோய் கண்ட மனைவிமார் உண்டு. போன தடவை உன் உடுப்பைத் திண்ணையில்தான் உதறினாய். பாப்பா அங்கேதான் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

இன்னொன்று. கட்டுத்தறிச் சாளைக் கூரையின் சிமெண்ட் அட்டையில் துளை போட்டுச் சோலார் பலகை பொருத்துவதாக அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். அதிலும் இதே இழைதான். உடையாத அட்டையைச் சீண்டாமல் விடச் சொல். நான் சொன்னால் ஏறாது, நீ சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
அம்மா