ஒரே பள்ளத்தாக்கில் தங்கு

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். குமரேசன் இன்னும் அந்தக் குடையைத் திருப்பித் தரவில்லை. செய்தி அவ்வளவுதான்.

இப்போது எழுத உட்கார்ந்தது நீ அனுப்பிய பிரிட்டன் பயணத் திட்டத்தைப் பார்த்துத்தான். 10 நாளில் காட்ஸ்வோல்ட்ஸ், வேல்ஸ், யார்க்‌ஷயர், லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்து! டேய், நீ போவது விடுமுறைக்கா, தேர்தல் பிரசாரத்துக்கா? மாமாவையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் பெட்டி கட்டப்போகிறாயா?

முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன், ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில். லேக் டிஸ்ட்ரிக்ட்டில் விண்டர்மியர் ஏரிக்கரையில் 40 நிமிடம் இறக்கிவிட்டார்கள். படம் எடுத்தோம், ஏறினோம், அவ்வளவுதான். போன மே மாதம் போனபோது அதே லேக் டிஸ்ட்ரிக்ட்டில் பாரோடேல் பள்ளத்தாக்கில் ஒரே பண்ணை வீட்டில் ஆறு நாள் தங்கினேன். அந்த ஆறு நாளைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பார்த்ததில் பாதி ஆடுதான். சிரிக்காதே. ஹெர்ட்விக் என்று ஓர் இனம். குட்டி பிறக்கும்போது கன்னங்கரேல் என்று இருக்கிறது. வளர வளர முகம் வெளுத்து, ரோமம் சாம்பல் நிறமாகிறது. மலைமேல் அந்த ஆடுகளுக்கு வேலியே கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் சரிவை விட்டு நகர்வதில்லை. எதுவரை நம் இடம் என்று தாயின் பின்னால் திரிந்தே குட்டி தெரிந்துகொள்கிறது, பிறகு அதன் குட்டி அதன் பின்னால். இதை அங்கே ‘ஹெஃப்ட்’ என்கிறார்கள். பண்ணை கைமாறினாலும் அந்த மந்தை நிலத்தோடேயே இருந்துவிடுவது அங்கே பழைய வழக்கம்.

2001-இல் கோமாரி நோய் வந்தபோது பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். இந்த ஏரிகள் இருக்கும் கம்ப்ரியாவுக்குத்தான் பலத்த அடி. வேறு ஆடு வாங்கலாம். மலையை அறிந்த ஆட்டை எந்தச் சந்தையில் வாங்குவது? புது ஆடுகளை ஒரு சரிவில் பழக்க, வருடக்கணக்கில் ஆள் நின்று திருப்பிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பண்ணை வீட்டு அம்மா இதை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தது, சேகர். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் இறங்கும், எந்த மண் எதற்கு ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் இரண்டு பேரும் ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்கவில்லையே.

பீட்ரிக்ஸ் பாட்டர், முயல் கதை எழுதிய அம்மையார்தான், புத்தகத்தில் வந்த காசில் அங்கே பண்ணை பண்ணையாக வாங்கினார். 1943-இல் இறந்தபோது 14 பண்ணைகளும் 4,000 ஏக்கருக்கு மேல் நிலமும் பழைய இடங்களையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போயின. அந்தப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளையே தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்றும் எழுதிவைத்திருந்தார். எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் பார்!

அப்புறம் அந்தக் கல் சுவர்கள். சாந்து கிடையாது. இரண்டு வரிசைக் கல், நடுவில் பொடிக்கல், இரண்டையும் கவ்வ இடையிடையே நீளக் கல் ஒன்று குறுக்கே. ஓரிடத்தில் சுவரின் அடியில் சதுரமாக ஒரு ஓட்டை. குனிந்து பார்த்தேன். உள்பக்கக் கல்லில் சாம்பல் நிற ரோமம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆடு போய்வர விட்ட வழியாம்.

மாமாவைப் பற்றிக் கவலைப்படாதே. பக்கத்து ஊரான கெஸ்விக்கில் டெர்வென்ட்வாட்டர் ஏரியைச் சுற்றிச் சின்ன லாஞ்ச் ஓடுகிறது. ஒரு துறையில் நீ இறங்கி அடுத்த துறைவரை கரையோரமாக நட, அவர் படகிலேயே வரட்டும். காசில்ரிக் கல்வட்டத்துக்குக் காரிலேயே போய்விடலாம். சுற்றிலும் மலை, நடுவில் சுமார் 40 கற்கள், நாலாயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. அங்கே காலையில் சீக்கிரமே போய்விடு.

மழை பெய்யும். பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் சீத்வெய்ட்டில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஒரு நாள் நனைந்தால் ஊரைத் திட்டாதே, மறுநாளும் அங்கேயே இரு. மேகம் விலகும்போது மலை ஒவ்வொரு மடிப்பாக வெளியே வரும். அதற்கு நீ அந்த இடத்தில் இருக்க வேண்டும், அடுத்த ஊருக்குப் போகும் வண்டியில் இருக்கக் கூடாது.

ஒன்று சொல்ல மறந்தேன். பழைய மேய்ப்பர்கள் ஆடு எண்ணும் கணக்கு: யான், டான், டெதரா, மெதரா, பிம்ப். ஒன்றுக்கு ‘யான்’! நம் தமிழாசிரியர் கேட்டிருந்தால் வகுப்பையே நிறுத்திவிட்டு எழுந்து நின்றிருப்பார்.

ஸ்காட்லாந்தை இன்னொரு வருஷத்துக்கு வை. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. அந்த டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் இருக்கும் கேட்பெல்ஸ் குன்று 451 மீட்டர்தான், ஆனால் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறையில் கை வைத்து ஏற வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன், அவர் ஏறலாமா, கீழே படகுத்துறையில் காத்திருக்கலாமா என்று.

அன்புடன்,
ரவி