சுட்ட பாட்டு

கதிருக்கு,

பழைய ரெக்கார்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதாவது சாம்பிள் செய்து, நீ கட்டிய ஹிப்-ஹாப் பாட்டைக் குடும்ப குரூப்பில் போட்டாய். அதற்குக் கீழே பெரிய மாமா, "பியானோ யாருடையதோ, டிரம்ஸ் யாருடையதோ, சுட்ட பாட்டில் உன்னுடையது எது?" என்று எழுதியதும் நீ பாட்டையே அழித்துவிட்டாய். அழித்திருக்க வேண்டாம். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன்னிடம் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, வாய்ஸ் மெசேஜில் அடங்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

மாமாவுக்கு ஜாஸ் என்றால் உயிர். என் காதில் ஜாஸ் விழுந்ததே அவரால்தான். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோவில் வில்லிஸ் கானோவர் நடத்திய நிகழ்ச்சியை ராத்திரி ஷார்ட் வேவில் திருகித் திருகிப் பிடிப்பார், பாதி நேரம் கொர்ரென்ற இரைச்சல்தான், அதற்கு நடுவே எங்கேயோ சார்லி பார்க்கரின் சாக்ஸபோன். அவர் கணக்கில் ஜாஸ் மேதைகளுடையது, ஹிப்-ஹாப் என்பது வாசிக்கத் தெரியாதவர்கள் பட்டனை அமுக்குவது. ஆனால் அவர் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பார்க்கர் செய்த வேலையும் கிட்டத்தட்ட இதுதானே?

"கோ-கோ" கேட்டிருக்கிறாய் இல்லையா? 1945 நவம்பரில் சவாய் கம்பெனிக்காகப் பதிவு செய்தது. அதன் அடியில் ஓடுவது ரே நோபிள் எழுதிய "செரோக்கி" என்ற பாட்டின் கார்ட் வரிசை, அதாவது மெட்டுக்கு அடியில் பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக வாசிக்கிற வரிசை. அந்தப் பதிவில் பாதியில் நின்றுபோன ஒரு டேக், அதாவது ஒரு தடவை வாசித்துப் பதிந்தது, இருக்கிறது, தேடிக் கேள். ஆரம்பத்தைச் சரியாக வாசித்துவிட்டு, பழக்க தோஷத்தில் செரோக்கியின் மெட்டுக்குள்ளேயே போய்விடுகிறார்கள், உடனே கைதட்டல், விசில், எல்லாம் நிற்கிறது. மெட்டை வாசித்தால் நோபிளுக்கு ராயல்டி கொடுக்க வேண்டும் என்பதால்தான் நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். அடுத்த டேக்கில் மெட்டே கிடையாது, நேராக பார்க்கரின் சோலோ, அதுதான் ரெக்கார்டாக வந்தது. நம் ஊரில் மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றுவோம், அவர்கள் மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடியில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கெர்ஷ்வின் 1930இல் எழுதிய "ஐ காட் ரிதம்" பாட்டின் கார்டுகள் மேல் எத்தனை ஜாஸ் பாட்டுகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணி முடியாது. அந்த வரிசைக்கே "ரிதம் சேஞ்சஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்காக கெர்ஷ்வின் வீட்டுக்கு யாரும் பணம் அனுப்பவில்லை, ஏனென்றால் சட்டம் மெட்டைக் காப்பாற்றியது, கார்ட் வரிசையைக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் ஹிப்-ஹாப் பிறந்த இடத்துக்கு, நியூயார்க்கின் பிராங்ஸுக்கு வா. 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் கட்டடம், தங்கை நடத்திய பார்ட்டியில் கூல் ஹெர்க் என்கிற டிஜே ரெக்கார்ட் போடுகிறார். பாட்டில் மற்ற எல்லாம் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் மிஞ்சுகிற அந்தச் சில நொடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர் அவர். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி, இரண்டு டர்ன்டேபிள், இது முடிந்ததும் அது, அந்த நொடிகள் தீரவே தீராது. இன்னொரு டிஜே, கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், அந்த இடத்தை ரெக்கார்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டு வைத்துக்கொண்டார், சுற்றுகிற தட்டில் கோடு எங்கே வருகிறது என்று பார்த்துக் கையால் இழுத்துவிடுவார். ஒரு பாட்டில் எது உபயோகம் என்று காதால் பொறுக்கி எடுத்து, மிச்சத்தை விட்டுவிட்டு, அதன் மேல் தன்னுடையதைக் கட்டுவது. பார்க்கர் எடுத்தது கார்டை, இவர்கள் எடுத்தது சத்தத்தை.

வித்தியாசம் அங்கேதான் வந்தது, அதுவும் கோர்ட்டில். 1991இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி மேல், பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டதற்காக வழக்கு. நீதிபதி டஃபி தீர்ப்பை பைபிள் கட்டளையில் ஆரம்பித்தார், "திருடாதிருப்பாயாக" என்று! அதோடு விடாமல் கிரிமினல் நடவடிக்கை எடுக்கலாமா என்று பார்க்கவும் அனுப்பினார். ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் போனது. 1993இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு பிஸ் மார்க்கி வைத்த பெயர், எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாயிற்று என்கிற அர்த்தத்தில். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போனது அதனால்தான்.

மாமா சொல்வதில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஜேம்ஸ் பிரவுனின் "ஃபங்கி டிரம்மர்" பாட்டில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டை எடுத்துக்கொள். அந்த டிரம்ஸை எத்தனை ராப் பாட்டுகளில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், கேட்டால் உனக்கே அடையாளம் தெரியும். பாட்டின் உரிமை பிரவுன் பெயரில் இருந்ததால் வாசித்த மனிதருக்கு உருப்படியாக ஒன்றும் வரவில்லை. இது சாம்பிள் செய்தவர்கள் மட்டும் செய்த பாவம் இல்லை, அன்றன்றைய கூலியோடு வாத்தியக்காரரை அனுப்பிவிடும் வழக்கம் ஜாஸ் காலத்திலேயே இருந்தது. இருந்தாலும் எடுக்கிறவன் இதை யோசிக்க வேண்டும்.

போலீஸ் விஷயத்திலும் ஜாஸ்காரர்களும் ராப்காரர்களும் ஒரே தெருக்காரர்கள். நியூயார்க்கில் மது பரிமாறுகிற கிளப்பில் வாசிக்க வேண்டுமானால் போலீஸ் கொடுக்கிற கேபரே கார்டு என்கிற அனுமதி அட்டை கையில் இருக்க வேண்டும், 1967 வரைக்கும். ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் 1951இல் இன்னொரு பியானோக்காரர் பட் பவலோடு காரில் இருந்தபோது போதைப்பொருள் வழக்கில் மாட்டி, கார்டு போய், அந்த ஊர் கிளப்புகளில் 1957 வரை வாசிக்க வழியில்லாமல் இருந்தார். பாடகி பில்லி ஹாலிடேவுக்கும் அதே கதி. ராப் பாடகர்களிடம் பிடுங்குவதற்கு கார்டு இல்லை, அதற்குப் பதில் பாட்டு வரியையே குற்றத்துக்குச் சாட்சியாகக் கோர்ட்டில் வாசித்துக் காட்டினார்கள். அதற்கு ஒரு கடிவாளம் போட கலிஃபோர்னியா 2022இல் தனியாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

பெரியவர்கள் திட்டுவதும் புதிதில்லை. டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பி கேப் காலோவேயின் ஜாஸ் குழுவில் வாசித்தபோது, காலோவே அதை "சீன இசை" என்று கிண்டல் செய்தார், பார்க்கரும் கில்லெஸ்பியும் வாசித்த பீபாப் என்கிற புது ஜாஸ் வந்தபோது, மூத்த ஜாஸ்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் முகம் சுளித்தார். இன்று ஜாஸ் டிரம்பெட்காரர் வின்டன் மார்சாலிஸ் ராப்பைத் திட்டுகிறார். மாமா நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறார்! ஆனால் "கோ-கோ"வில் டிரம்ஸ் வாசித்தது யார் என்று அவரிடம் கேள். மேக்ஸ் ரோச். அதே மேக்ஸ் ரோச் 1980களில் ராப் பாடுகிற பையன்களோடு மேடை ஏறினார், ஹிப்-ஹாப் உலகத்து ஃபேப் ஃபைவ் ஃபிரெடிக்கு ஞானத்தந்தையே அவர்தான். அந்த டேக்கில் உட்கார்ந்திருந்தவருக்கு இது வேறு ஜாதி இசையாகத் தெரியவில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் வேறு. ராப் பாடகர் நாஸ் 1994இல் போட்ட "இல்மாட்டிக்" ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு, தலைப்பை அம்மா எழுத மாட்டேன், நீயே பார்த்துக்கொள். கேப் பேண்ட் என்ற குழுவின் பழைய பாட்டு ஒன்றை அடியில் சுற்றவிட்டு அதன் மேல் பையன்கள் வரிசையாகப் பாடுகிறார்கள். கடைசியில் பேச்செல்லாம் அடங்கியதும் டிரம்பெட் மாதிரியான ஒரு கார்னெட் உள்ளே வருகிறது. வாசிப்பவர் ஓலு டாரா, நாஸின் அப்பா, ஜாஸ்காரர். பையனுக்கு அப்போது இருபது வயது. நீளமாக எல்லாம் வாசிக்கவில்லை, வித்தை காட்டவும் இல்லை, அடியில் ஓடுகிற அந்தச் சாம்பிளோடு சண்டை போடாமல் சும்மா ஓரமாக நடந்து போகிறார். பஸ்ஸில் ஹெட்போனில் கேட்டு, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

சரி, உன் பாட்டுக்கு வருவோம். அழிப்பதற்கு முன்னாலேயே இறக்கி வைத்துவிட்டேன். அந்தப் பியானோத் துண்டை நீ பாதியில் வெட்டித் திருப்பிப் போட்டிருக்கும் விதம் நன்றாக இருக்கிறது, அது உன்னுடையதுதான், மாமா எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல். டிரம்ஸ்தான் சரியில்லை. ரொம்ப ஒழுங்காக இருக்கிறது, ஒவ்வொரு அடியும் கட்டம் போட்ட நோட்டில் எழுதியது போல. டெட்ராய்ட்டில் ஹிப்-ஹாப் இசை செய்த ஜே டில்லா என்று ஒருவர் இருந்தார், 2006இல் 32 வயதிலேயே போய்விட்டார். எம்பிசி என்கிற டிரம்ஸ் மெஷினில் அடிகளை நேராக்கித் தருகிற குவான்டைஸ் வசதியை அணைத்துவிட்டு விரலால் தட்டிப் பதிவு செய்வார் என்று சொல்வார்கள், அவர் டிரம்ஸில் ஒரு அடி கொஞ்சம் பிந்தும், இன்னொன்று முந்தும். இன்றைக்கு ஜாஸ் டிரம்மர்கள் உட்கார்ந்து அந்தத் தடுமாற்றத்தைக் கையால் வாசிக்கப் பழகுகிறார்கள். நீயும் குவான்டைஸை அணைத்துவிட்டு ஒரு தடவை தட்டிப் பார்.

அந்தப் பியானோ எந்த ரெக்கார்டில் இருந்து எடுத்தது, வாசித்தவர் பெயர் என்ன என்று எனக்கு எழுது. வெளியே போடுவதாக இருந்தால் அனுமதி வாங்க எவ்வளவு ஆகும் என்று விசாரி, பணம் கொஞ்சம் குறைந்தால் சொல், அப்பாவிடம் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வருகிறார், அதற்குள் புது டிரம்ஸோடு அனுப்பிவிடு.

அம்மா