செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: காணாமல் போகும் நாய்களைத் தேடுவது பற்றி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சென்னை நங்கநல்லூர்ப் பகுதிக் குடியிருப்போர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குடிநீர், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் மனுக்களின் நிலை தனித்தாளில் உள்ளது. படித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிதாக எதுவும் நகரவில்லை. இந்த அறிக்கையில், உறுப்பினர்கள் கேட்டபடி, வளர்ப்பு நாய் காணாமல் போனால் தேடும் முறையை விரிவாக வைக்கிறேன்.

தேடக் கிளம்புமுன் நாய் எப்படிப் போனது என்பதைக் கேட்க வேண்டும். கேட் திறந்திருந்ததால் வெளியே போன நாய் மோப்பம் பிடித்துக்கொண்டே திரியும். பெரும்பாலும் அடுத்த இரண்டு மூன்று தெருவுக்குள் இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். வெடிச் சத்தத்தில் ஓடிய நாய் வேறு ரகம். நேராக ஓடி, மூச்சு வாங்கியதும் எங்காவது ஒடுங்கிக்கொள்ளும். அந்த நிலையில் வளர்த்தவர் குரல்கூட அதற்கு மிரட்டலாகவே கேட்கும். புதிதாகக் குடிவந்த வீட்டிலிருந்து போன நாய் பழைய வீட்டை நோக்கிப் போகக்கூடும். எனவே முதல் போன் பழைய வீட்டு வாட்ச்மேனுக்கு.

தீபாவளிக்கு வெடி வெடிக்க அரசு காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று நேரம் குறித்திருக்கிறது. நம் தெருக்களில் அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும். நாட்காட்டியில் இல்லாத ஆபத்து சாவு ஊர்வல வெடி. முன்னறிவிப்பு இல்லாமல் பகலில், நாய் நடைக்குப் போயிருக்கும் நேரத்தில் வரும். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். அதைவிடத் தளர்ந்தால் மிரண்ட நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை இன்னும் நல்லது.

தேடலைக் கெடுப்பது பெரும்பாலும் நம் நல்லெண்ணமே. வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் இருபது பேர் டார்ச்சோடு இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பெயர் சொல்லிக் கத்தினால், இரண்டு தெரு தள்ளிப் பதுங்கியிருந்த நாய் ஜி.எஸ்.டி. சாலை வரை போய்விடும். தேடுபவர் அதிகமானால் நாய் தூரம் போகும். ஆகவே தெருவில் நேரில் தேடுவது வீட்டார் இருவர் மட்டும்; மற்றவர்கள் கண்ணில் பட்டால் நின்ற இடத்திலிருந்து படம் எடுத்து, நேரமும் வீட்டு எண்ணும் அனுப்பினால் போதும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

நாய் தென்பட்டால் துரத்த வேண்டாம். நேருக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். வேகவைத்த கோழி ஈரல் அல்லது வறுத்த கருவாட்டைத் தூக்கிப் போடாமல் பக்கத்தில் சிதறவிடுங்கள். நாய் தானாக வந்து முகர்ந்த பிறகு, தலைக்கு மேலே கையை நீட்டாமல், தாடைக்குக் கீழிருந்து பட்டையைப் பிடிக்க வேண்டும். வளர்த்த நாயும் பயத்தில் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே பார்ப்பது? நிறுத்திய கார்களின் அடியில், மாடிப்படிக்குக் கீழே, கட்டி முடியாத வீடுகளில், மூடி போடாத வடிகாலில். ஒவ்வொரு தெருவுக்கும் அங்குள்ள நாய்கள் எல்லை போட்டிருக்கும். அவை விரட்டும்போது நம் நாய் உள்தெருவை விட்டு, யாரும் உரிமை கொண்டாடாத இடத்துக்கு ஒதுங்கும். நம் பகுதியில் அது பழவந்தாங்கல் பக்கத்து ரயில் பாதை ஓரம், சுரங்கப்பாதை வாசல். தண்டவாளத்துக்குள் யாரும் இறங்க வேண்டாம், நிலையத்தில் சொல்லுங்கள். தேட ஏற்ற நேரம் அதிகாலை 4 முதல் 6. அப்போதுதான் பதுங்கிய நாய் தண்ணீர் தேடி வெளியே வரும்.

அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் யார்? பால் போடுபவர், பேப்பர் போடும் பையன்கள், தூய்மைப் பணியாளர்கள், டீக்கடைக்காரர், தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்கள். பகலில் இஸ்திரி வண்டிக்காரரும் ஆட்டோ ஸ்டாண்டும். வாட்ஸ்அப்பில் நூறு முறை பகிர்வதைவிட இவர்கள் கையில் படத்தோடு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பது பயன்தரும்.

தெருவைப் பார்த்திருக்கும் வீட்டுக் கண்காணிப்பு கேமராக்களின் பதிவை அன்றே கேளுங்கள். வட்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். பதிவுப் பெட்டியில் ஓடும் கடிகாரம் பல வீடுகளில் தவறு. உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால், அடுத்தடுத்த வீட்டுப் பதிவுகளைக் கோத்து நாய் போன திசையைக் கண்டுபிடிக்க முடியாது.

அறிவிப்பு ஏ3 தாளில், முழு உடலும் தெரியும் ஒரே படம், பத்தடி தூரத்திலிருந்து படிக்கும்படி தொலைபேசி எண், மழைக்குப் பிளாஸ்டிக் உறை. சுவரில் ஒட்டுவது 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடைக்காரர் அனுமதியோடு உள்ளே தொங்கவிடுங்கள். சன்மானத் தொகையை எழுத வேண்டாம். ஓர் அடையாளத்தை, காதுக்குள் மச்சம், பின்காலில் வெள்ளை விரல் என்பதுபோல, வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். "நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் ஜிபே பண்ணுங்க" என்று வரும் போன்களை அந்த ஒரு கேள்வியே வடிகட்டும்.

நாயைக் கண்டெடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. காது நுனியில் வெட்டு இருந்தால் அது கருத்தடை முடிந்த தெருநாய், அதற்கு அதுதான் ஊர், விட்டுவிடுங்கள். மற்றபடி தண்ணீர் கொடுத்து, உங்கள் வீட்டு நாயோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய நாய் நோய்கள் தொற்றும். உரிமை கோரி வருபவரிடம் தடுப்பூசிப் புத்தகமும் பழைய படங்களும் கேளுங்கள். நாய் வாலை ஆட்டியதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சில நாய்கள் எல்லோருக்கும் ஆட்டும்.

சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும், தோலுக்கடியில் செலுத்தும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லையேல் 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. சிப் ஜிபிஎஸ் அல்ல; நாய் எங்கே என்று அது சொல்லாது. அரிசி அளவிலான அதில் 15 இலக்க எண் ஒன்றுதான் உண்டு. உங்கள் போன் எண் மாறியதைப் பதிவில் திருத்தாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. தோள்பட்டைகளுக்கு இடையில் போட்ட சிப் நகரக்கூடும் என்பதால், படிக்கும் கருவியைக் கழுத்திலிருந்து முன்கால் வரை மெதுவாக ஓட்ட வேண்டும். நாட்டு நாய் வளர்ப்பவர்கள் சிப்போடு பட்டையும் போடுங்கள். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து, ரயில் நிலைய வளாகங்களில் பிடிக்கும் தெருநாய்களை அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டது. பட்டையில்லாத உங்கள் சிப்பிப்பாறை நாயும் பிடிப்பவர் கண்ணுக்குத் தெருநாய்தான். ஆகவே காணாமல் போன அன்றே மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு சிப் படிக்கும் கருவி வாங்கவும், அதை இரவிலும் எடுக்கும்படி அலுவலகத்தில் வைக்காமல் காவலர் அறையில் வைக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். விலைப்புள்ளிகளைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்