நாங்கள் தேடி வராதவரை தளங்களை எங்களிடம் அனுமதி கேட்க விடாதீர்கள்: பிரவுசர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரவுசர்களை உருவாக்கிப் பராமரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஒரு பக்கத்தைத் திறந்ததும் "இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்புகளை அனுப்ப விரும்புகிறது" என்று சொல்லி, கீழே 'தடு', 'அனுமதி' என்று இரண்டு பொத்தான்களைக் காட்டுகிறதே, அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பின்னணியை நான் விளக்க வேண்டியதில்லை. 2015 ஏப்ரலில் குரோமில் 42ஆம் பதிப்போடு வந்த வசதி இது. வேறு பிரவுசர்களிலும் இது உண்டு. பக்கத்தை மூடிவிட்ட பிறகும் புது மின்னஞ்சல் வந்ததைத் தெரிந்துகொள்ளலாம், காத்திருக்கும் செய்தியைத் தவறவிடாமல் இருக்கலாம் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் இன்று எங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனில் அந்த வழியாக வருவது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயனர் தாமாகவே முகவரிப் பட்டைக்குப் போய், அங்கே நீங்கள் வைக்கும் ஒரு மணி அடையாளத்தைத் தொட்டால் ஒழிய, எந்தத் தளத்துக்கும் அறிவிப்பு அனுமதி கேட்கும் உரிமை இருக்கக் கூடாது. அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் தெரிவாக இல்லாமல், பிரவுசரை நிறுவிய முதல் நிமிடத்திலிருந்தே இதுதான் இயல்பாக இருக்க வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொன்னால் ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பது புரியும். ஏதோ ஒரு வீடியோவைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு ரோபோ படமும் "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய 'அனுமதி'யை அழுத்துங்கள்" என்ற வரியும் வந்திருக்கின்றன. அழுத்தியிருக்கிறார். இதே மாதிரி கட்டங்களை வங்கித் தளத்திலும் அரசுத் தளத்திலும் பார்த்துப் பழகியவர் வேறென்ன செய்வார்? அன்று இரவிலிருந்து தொடங்கியது. "உங்கள் போனில் வைரஸ் உள்ளது." "உங்கள் பாதுகாப்புச் சந்தா இன்றோடு முடிகிறது." பிறகு ஒன்று: "உங்கள் கேமரா வழியாக யாரோ உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." அதைப் படித்த பிறகு அவர் போனை ஒரு துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்ற பயம். ரத்த அழுத்த மாத்திரைக்கு நேரம் சொல்லும் நினைவூட்டலும் அந்தப் போனில்தான் இருந்தது. துணிக்குள்ளிருந்து அது அடித்தது அவர் காதில் விழவில்லை. மாத்திரை தவறி, தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அந்தப் போனில் வைரஸ் எதுவும் இல்லை. எதுவும் நிறுவப்படவில்லை. எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் ஒன்றும் அகப்படாது. ஏனென்றால் நடந்ததெல்லாம் ஒரே ஒரு அனுமதிதான். அதை நீக்க, மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகளுக்குள் போய், தள அமைப்புகளுக்குள் போய், அறிவிப்புகளைத் திறந்து, அர்த்தமில்லாத எழுத்துகளால் ஆன ஒரு முகவரியைப் பட்டியலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கொடுக்க ஒரு தட்டல். திரும்பப் பெற இவ்வளவு நடை. இந்தச் சமமின்மையை வடிவமைத்தது மோசடிக்காரர்கள் இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இன்னொன்று. பெரியம்மா ஏன் நம்பினார் என்று கேட்டேன். "பிரவுசரே சொல்லுதேப்பா" என்றார். அவர் சொன்னது சரி. அந்த எச்சரிக்கையின் தலைப்பில் இருந்தது பிரவுசரின் சின்னமும் பெயரும். அனுப்பிய தளத்தின் முகவரி அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் மங்கலாக இருந்தது. பொய்ச் செய்தி உங்கள் முத்திரையோடு வந்தது.

முத்திரை மட்டுமா உங்களுடையது? பாதையும் உங்களுடையதுதான். பக்கத்தை மூடிவிட்ட பிறகு தளம் எதுவும் நேராக எங்கள் போனுக்குச் செய்தி அனுப்ப முடியாது. அப்படி வரும் ஒவ்வொரு அறிவிப்பும், அந்தந்த பிரவுசர் நிறுவனம் நடத்தும் அல்லது தேர்ந்தெடுத்த புஷ் சேவையின் (அறிவிப்புகளைக் கொண்டுசேர்க்கும் சேவையின்) சர்வர் வழியாகவே வந்தாக வேண்டும். உள்ளடக்கம் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி ரகசியக் குறியாக மாற்றுதல்) செய்யப்பட்டிருப்பதால் நடுவில் உங்களால் படிக்க முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அது வேண்டும். ஆனால் மறையை அவிழ்த்துத் திரையில் காட்டுவது உங்கள் பிரவுசர். எந்த முகவரியிலிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியும். அந்தத் தளத்துக்கு நாங்கள் கடைசியாக எப்போது போனோம் என்பதும் தெரியும். எங்கள் போன் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருக்கும்போது, எங்களைக் காக்க மட்டும் எதுவும் தெரியாததுபோல் இருப்பது நியாயமா?

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2019இல் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லா சோதித்துப் பார்த்தபோது, இந்த அனுமதிப் பெட்டிகளில் சுமார் 99 விழுக்காடு ஏற்கப்படவே இல்லை என்று தெரிந்தது. 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 72ஆம் பதிப்பு, பயனர் பக்கத்தில் எதையாவது செய்த பிறகே பெட்டி வரும் என்று மாற்றியது. அதற்கு அடுத்த மாதம் குரோம் 80, பயனரை இடைமறிக்காத ஓசையடங்கிய அனுமதிக் கோரிக்கையைக் கொண்டுவந்தது. நீண்ட நாள் போகாத தளங்களின் அனுமதியைத் தானாக நீக்கும் வேலையும் குரோமில் பின்னர் தொடங்கியது. இவற்றுக்கு நன்றி. ஆனால் நூறு முறை கேட்டால் ஏறக்குறைய நூறு முறையும் ஏற்கப்படாத கேள்வியை ஏன் இன்னும் கேட்க விடுகிறீர்கள்? பக்கத்தில் ஒரு தட்டல் இருந்தால் போதும் என்ற விதியை மோசடிக்காரர்கள் அன்றே தாண்டிவிட்டார்கள். அந்தத் தட்டலை வாங்கத்தான் ரோபோ படமும், போலி வீடியோ பொத்தானும். பக்கத்துக்குள் இருக்கும் எதையும் அவர்களால் போலியாக வரைய முடியும். உங்கள் முகவரிப் பட்டையை அவர்களால் தொட முடியாது. மணி அடையாளம் அங்கேதான் இருக்க வேண்டும் என்று நான் கேட்பதன் காரணம் அதுதான்.

'தடு' என்று அழுத்தினாலும் விடிவு இல்லை. அனுமதி ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி. ஒரு துணைமுகவரியில் (தளத்தின் பெயருக்கு முன்னால் வேறு எழுத்துகள் சேர்ந்த முகவரியில்) மறுத்தால், அடுத்த நொடி அதே தளம் முன்னால் ஓர் எழுத்தை மாற்றிய இன்னொரு துணைமுகவரிக்குத் தள்ளிவிட்டு மறுபடி கேட்கிறது. சலித்துப்போய் 'அனுமதி' அழுத்தும்வரை துரத்தல் தொடர்கிறது. ஏனென்றால் அனுமதி கொடுத்த ஒவ்வொருவரும் விளம்பர வலையமைப்புகளிடம் விற்கக்கூடிய சரக்கு. ஒரு முறை மறுத்தால் அந்த டொமைன் (துணைமுகவரிகள் எல்லாம் அடங்கிய தளத்தின் முதன்மைப் பெயர்) முழுக்கவும் மறுத்ததாக எடுத்துக்கொள்ள உங்களால் முடியாதா?

இந்தத் தள்ளிவிடல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கோபம் அடங்க மறுக்கிறது. படிக்கத் தொட்டால் ஒரு பக்கம், மூடத் தொட்டால் இன்னொரு பக்கம். பொத்தானுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கைப் போர்த்தி, நாங்கள் தொட்டதைத் தங்கள் விளம்பரத்துக்கான சம்மதமாக்கிக்கொள்கிறார்கள். பின்செல்லும் பொத்தானை அழுத்தினால்கூட வந்த இடத்துக்குப் போக விடுவதில்லை. கணினியில் நிலைமை இன்னும் மோசம். ஏதோ இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் நீட்சி (பிரவுசரில் சேரும் கூடுதல் நிரல்), நிறுவனங்கள் தங்கள் கணினிகளுக்கு விதிகள் வகுக்க நீங்கள் உருவாக்கிய கொள்கை வசதியையே பயன்படுத்தித் தன்னை நீக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. எந்த நிறுவனத்திலும் சேராத ஒருவருடைய சொந்தக் கணினியில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று எழுதி வருகிறது. தேடுபொறி மாறியிருக்கிறது, முகப்பு மாறியிருக்கிறது, நீக்கும் பொத்தான் மட்டும் மங்கிக் கிடக்கிறது. தன் கணினி தன்னுடையதா என்றே ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், அதைத் தீர்க்க வேண்டியவர் யார்?

மன்னியுங்கள், கோரிக்கையை விட்டு விலகிவிட்டேன். தள்ளிவிடல்களுக்கு இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன். இன்று கேட்பது எளிமையானது. உங்கள் அடுத்த பதிப்பிலேயே செய்யக்கூடியது.

நாங்கள் தேடி வந்து மணியைத் தொடாதவரை எந்தத் தளமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு முறை மறுத்தால் அந்த டொமைன் முழுவதுக்கும் மறுப்பு. வருகிற ஒவ்வொரு அறிவிப்பிலும், அனுப்பிய தளத்தின் முகவரி உங்கள் பெயரைவிடப் பெரிதாகத் தெரியட்டும். அதன் கீழேயே, ஒரே தட்டலில் நிரந்தரமாக நிறுத்தும் பொத்தான் இருக்கட்டும், தமிழ் உட்படப் பயனர் படிக்கும் மொழியில். ஏற்கெனவே அனுமதி வாங்கிவைத்திருக்கும் தளங்களின் பட்டியலை ஒரு முறை எங்கள் முன்னால் விரித்துக் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவற்றை நீக்கிவிடுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள் என்று பகிரங்கமாகத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிரவுசரை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவர்