அவர் இருக்கும்போதே அந்தப் பெயரைத் திருத்துங்கள்

முன்னாள் படைவீரர்களின் நலனையும் ஓய்வூதியத்தையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரின் கடைத்தெருவில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டாவுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வருகிறவர்களோடு, அக்டோபர் பிறந்துவிட்டால் பட்டாளத்துப் பெரியவர்களும் வருவார்கள். உயிரோடிருப்பதைக் காட்டி ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் தரும் ஆயுள் சான்றுக்கு, மற்றவர்களுக்கு நவம்பர் மாதம். எண்பது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே வாசல் திறந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் பட்டாளத்தாருக்குக் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். எங்கள் ஊர் அவ்வளவு பேர்போனதல்ல. ஆனாலும் தெருவுக்கு இரண்டு வீட்டில் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும், மூடியில் வெள்ளைப் பெயிண்டில் படை எண்ணோடு.

அப்படி ஒரு பெட்டிக்குச் சொந்தக்காரரையும், ஓய்வூதிய ஆவணத்தில் தவறாக ஏறிவிட்ட அவர் மனைவியின் பெயரையும் பற்றித்தான் இந்த மடல். ஊரே அவரைப் பட்டாளத்துத் தாத்தா என்று அழைக்கிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

தாத்தா 1955-இல் மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 1780-இல் தொடங்கிய ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு அது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி. அங்கே சிப்பாய்களுக்குத் 'தம்பி' என்று பெயர். வடக்கத்தி அதிகாரிகளும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இன்றைக்கும் அவர் எல்லோரையும் தம்பி என்றுதான் அழைக்கிறார். என்னையும், என் பத்து வயது மகனையும், எழுபது வயதுத் தபால்காரரையும்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரில், பசந்தர் ஆற்றங்கரையில் எதிரி புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகளுக்கு நடுவே டாங்கிகளுக்கு வழி திறந்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ். அந்த இரவில் அங்கே இருந்தவர்களில் இவரும் ஒருவர். அதைப் பற்றி அவரிடம் கேட்டால் வீரக்கதை எதுவும் வராது. மண்ணுக்குள் வெடியைத் தேடும் கம்பியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லுவார். நேராகக் குத்தக் கூடாது. வெடியின் தலையில் பட்டால் தீர்ந்தது. சாய்த்து, தரையை ஒட்டினாற்போல, மெதுவாக உள்ளே விட வேண்டும். பக்கவாட்டில் தட்டுப்பட்டால் நிறுத்தி, கையால் மண்ணைத் தள்ள வேண்டும். பிறகு அடுத்த சாண்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். எங்கள் ஊர்த் தரைப்பாலம் மூழ்கி, தண்ணீர் வடிந்த பிறகு பாலம் எங்கே இருக்கிறது, பள்ளம் எங்கே விழுந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பையன்கள் இறங்கத் துடித்தார்கள். தாத்தா அவர்களை அதட்டி நிறுத்திவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தாமே முன்னால் போனார். கைத்தடியைச் சாய்த்துச் சாய்த்து, ஒவ்வொரு சாணாகக் குத்திப் பார்த்து நடந்தார். ஓர் இடத்தில் தடி முழங்கை வரை உள்ளே போனது. அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டுத் திரும்பினார். அந்த வாரம் முழுக்க ஊர் அந்தக் குச்சியைப் பார்த்துத்தான் ஆற்றைக் கடந்தது.

பதினெட்டு ஆண்டுப் பணி முடித்து 1973-இல் அவர் ஊர் திரும்பியபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. பட்டாளத்து ஓய்வு என்பது அப்படித்தான்; வெளியில் இருப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. ஓய்வூதியம் வந்தது, அதில் குடும்பம் நடத்த முடியாது. பம்புசெட் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு முப்பது ஆண்டுகள் கிணற்றுக்குள் இறங்கி ஏறினார். மூன்று பிள்ளைகளைக் கரை சேர்த்தார். ராணுவத்தில் சேர ஓடிப் பழகும் பையன்களைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி மைதானத்துக்கு விரட்டினார். அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்கு உங்களிடம் கோப்பு இருக்கிறது. அதற்குப் பிறகான ஐம்பது சொச்சம் ஆண்டுகளுக்கு ஊர்தான் சாட்சி.

இனி என் கடையில் நடப்பதைச் சொல்கிறேன். முதலில் கைரேகை வைத்துப் பார்ப்போம். கம்பியும் கிரீஸும் தேய்த்த விரல்களில் இயந்திரம் எதையும் காணாது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்போம். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவச் சொல்லியும் பார்த்திருக்கிறேன். முகத்தைக் காட்டிப் பதியும் வசதி வந்ததில் அந்தப் பாடு தீர்ந்தது. அதற்காக உங்களுக்கு உண்மையாகவே நன்றி சொல்கிறேன். கேமராவுக்கு முன்னால் கண்ணைச் சிமிட்ட வேண்டும். தாத்தா நெஞ்சை நிமிர்த்தி, நேரே பார்த்தபடி அசையாமல் நிற்பார். "சிமிட்டுங்கள் தாத்தா" என்றால், "பரேடில் சிமிட்டக் கூடாது தம்பி" என்பார். அருகில் நிற்கும் அவர் மனைவிதான், எங்களுக்கெல்லாம் ஆயா, அவர் தோளை லேசாகத் தொடுவார். அப்போது சிமிட்டுவார். பச்சை டிக் விழும். இன்னும் ஓராண்டுக்கு அவர் உயிரோடிருக்கிறார் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

வயதில் ஒரு சிக்கல் உண்டு. தாது வருஷம் ஆவணியில் பிறந்ததாக அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். அப்படியானால் 1936. படையில் சேர்த்தவர்கள் ஒல்லியான பையனைப் பார்த்து 1938 என்று எழுதிவிட்டார்கள். எண்பதில் 20 சதவீதம், எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40 என்று ஓய்வூதியத்தில் கூடுதல் தொகை ஏறுவதும், நூறு வயதில் அது முழு மடங்காவதும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஏறிய அந்தத் தேதியை வைத்துத்தான். எனவே எல்லாம் அவருக்கு இரண்டு ஆண்டு பிந்தியே வரும். சேரும்போது எழுதியது எழுதியதுதான் என்பதை அவரே ஏற்றுக்கொண்டுவிட்டார். அதைத் திருத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை.

நான் கேட்பது ஆயாவின் பெயருக்காக.

ஆயாவுக்கு எங்கள் ஊர் எல்லை அம்மனின் பெயரை வைத்து, கடைசியில் 'அம்மாள்' சேர்த்திருக்கிறார்கள். தாத்தாவின் பதிவேட்டில் அதை எழுதிய யாரோ ஒருவர், தமக்குப் பழகிய வழக்கப்படி, முன்பாதியைச் சுருக்கிப் பின்னால் 'தேவி' என்று போட்டுவிட்டார். பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலி. எந்த அலுவலகத்து மேசையில் நடந்த பிழை என்று தேடிப் பயனில்லை. எழுதியவரும் இன்று இருப்பாரோ என்னவோ. ஆனால் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் வாக்காளர் அட்டையிலும் ஒரு பெண், ஓய்வூதிய ஆவணத்தில் வேறொரு பெண். தாத்தாவுக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் அந்தத் தேவிக்குத்தான். அப்படி ஒருத்தி எங்கள் ஊரில் இல்லை. பிறந்த தேதி இல்லாததால், எண்பது கடந்த மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியத்தில் சேர வேண்டிய கூடுதல் தொகையும் நின்றுபோகும். ஆயாவுக்கு இப்போது எண்பத்து நான்கு.

டிரங்குப் பெட்டியில் 1971 போருக்காகக் கொடுத்த பஸ்சிமி ஸ்டாரும் சங்க்ராம் மெடலும் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கின்றன. அதன் கீழே, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு இன்லண்டு கடிதங்கள். அனுப்பியவர் முகவரி 56 ஏபிஓ, அதாவது ராணுவத் தபால் நிலையம். பெறுநர் இடத்தில், தாத்தாவின் கையெழுத்தில், ஆயாவின் முழுப் பெயர், 'அம்மாள்' உட்பட. எந்தக் கடிதமும் வீடு தப்பியதில்லை. பனியிலிருந்தும் போர்முனையிலிருந்தும் வந்த தபாலுக்கு அவர் யார் என்று தெரிந்திருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதைச் சரிசெய்ய அவர்கள் இருவரையும் நானே அழைத்துக்கொண்டு அலைந்தேன். ஓரிடத்தில் உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள், கொடுத்தோம். பத்திரிகை விளம்பரம் கேட்டார்கள், அதையும் கொடுத்தோம். பஸ் மாறி மாறி மூன்று முறை போனோம். கடைசியாக ஒரு ஜன்னலுக்குப் பின்னாலிருந்தவர், கெட்ட எண்ணம் இல்லாமல்தான், சொன்னார்: "இப்போது என்ன அவசரம்? பெரியவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்."

ஆயா பக்கத்தில்தான் நின்றிருந்தார். திரும்பும் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தாத்தா மட்டும் தொடையில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார், மூன்று பேருக்கு ஆன பஸ் கட்டணத்தை.

ஐயா, அம்மா, அவர் போன பிறகு இதைப் பார்க்க முடியாது. 'இவர்தான் என் மனைவி, பெயரை நீங்கள் தவறாக எழுதியிருக்கிறீர்கள்' என்று அதிகாரத்தோடு சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடியும் வேலை. அவர் போனால், எண்பது தாண்டிய ஒரு பெண் தன் கணவனுக்குத் தான் மனைவி என்று சான்று திரட்டி அலைய வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் வீட்டுக்கு வருமானமும் இருக்காது. என் கடைக்கு அப்படி வந்த பெண்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்கு ஆணை வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

மாவட்டத் தலைநகரில் முகாம் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் அங்கே வரக்கூடியவர்கள் அறுபது வயதுக்காரர்கள். எண்பது தாண்டியவர்களின் பட்டியல் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. நல அமைப்பாளர் ஒருவரை அந்த வீடுகளுக்கு அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பெயர், பிறந்த தேதி, இருவரும் சேர்ந்த புகைப்படம், இவை போதும். திருத்தம் வேண்டியதை அங்கேயே எழுதி, கணவன் மனைவி இருவரிடமும் ஒப்பம் வாங்கி மேலே அனுப்பட்டும். ஸ்கேன் செய்வதும் பதிவேற்றுவதும் என் வேலை. ஒரு ரூபாய் வாங்க மாட்டேன். எங்கள் ஊரைச் சுற்றி இப்படிப் பதினொரு வீடுகள் இருக்கின்றன. ஒரே நாளில் முடிக்கலாம்.

வருகிறவர் முந்தின நாள் தகவல் சொல்லிவிட்டு வரட்டும். தாத்தா சட்டைக்கு இஸ்திரி போட்டு, மெடல்களைத் துடைத்துக் குத்திக்கொண்டு காத்திருப்பார். அவருக்கு ஒரு சல்யூட் வைத்தால் மகிழ்ச்சி அடைவார். ஆனால் பேச்சை அவரிடமிருந்து தொடங்க வேண்டாம். ஆயா காபி கொண்டுவருவார். டம்ளரை வாங்கிக்கொண்டு, அவரை உட்காரச் சொல்லி, "உங்கள் பெயர் என்னம்மா?" என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடைத்தெரு இ-சேவை மையத்துத் தம்பி