எட்டடிக் கயிறு

அன்புள்ள மல்லிகா,

பொங்கலுக்கு நீ போன் செய்தபோது அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தேன். இப்போது ஆவணி பிறந்துவிட்டது. கோபமாக இருப்பாய், தெரியும். திட்டுவதை நேரில் வந்து திட்டு, காபி போட்டுத் தருகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் ஹாஸ்டல் வார்டனைப் போன வாரம் பஸ்ஸில் பார்த்தேன். முதலில் உன்னைத்தான் விசாரித்தார். பால் பாத்திரத்தை இன்னும் மறக்கவில்லையாம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கணக்கு வகுப்பில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

"இது எதுக்கு மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்டால் கடைக் கணக்கு, வட்டிக் கணக்கு என்று வாழ்க்கையோடு சேர்த்துச் சொல், தானாக வருவார்கள் என்றாய். சொன்னேன்டி. செல்போன் தவணையை எடுத்து, வட்டி எவ்வளவு போகிறது என்று போர்டு முழுக்கப் போட்டுக் காட்டினேன். "அதெல்லாம் கடையிலேயே போட்டுக் கொடுத்துடுவாங்க மிஸ்" என்று ஒருவன் முடித்துவிட்டான். ராமானுஜன் பிறந்த நாள் டிசம்பர் 22 வந்தால் அவரையும் அவர் வியந்து சொன்ன 1729 என்ற எண்ணையும் சொல்கிறேன். கை தட்டுவார்கள். அதெல்லாம் மேதைகளுக்கு, நமக்கு 35 வந்தால் போதும் என்று மறுநாள் பழையபடி உட்கார்ந்திருப்பார்கள். குறை சொல்ல முடியவில்லை. நாமும் அவர்களுக்கு 35-ஐத்தானே காட்டிக்கொண்டிருக்கிறோம். மெல்லக் கற்போர் பட்டியல், கிராஃப், வடிவியல் வரைதல், திரும்பத் திரும்ப மாதிரித் தேர்வு. பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு இதைவிட அலுப்பு வேறென்ன இருக்கிறது?

போன வாரம் ஒரு பையன் வாட்ஸ்அப்பில் வந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். பிதாகரஸுக்கு முன்பே தமிழன் கண்ட கர்ணம், வர்க்கமூலமே வேண்டாம் என்று போட்டிருந்தது. உனக்கும் வந்திருக்கும். செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களில் நீளமானதை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, மீதியோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், அதுதான் செங்கோணத்துக்கு எதிரே இருக்கிற கர்ணம். யார் பாடியது, எந்தக் காலம் என்பதற்கு அதில் ஆதாரம் ஒன்றும் இல்லை. முன்பென்றால் "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றிருப்பேன். அன்று என்னவோ, "சரியா தப்பான்னு நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிட்டேன்.

4, 3 போட்டார்கள். மூன்றரையும் ஒன்றரையும் 5. 12, 5 போட்டார்கள். பத்தரையும் இரண்டரையும் 13. வகுப்பே ஆர்ப்பரித்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, ஜூன் மாதம் முதல் வாயே திறக்காத ஒரு பெண், "ரெண்டு பக்கமும் 10 வச்சா 13.75 தான் மிஸ் வருது" என்றாள். 14-ஐ 14-ஆல் பெருக்கினாலே 196 தான், கர்ணத்தின் வர்க்கமோ 100 + 100 = 200 வர வேண்டும். ஆக 13.75 பற்றாது. ஒரு கணம் அமைதி. அவள் நிறுத்தவில்லை. "குட்டைப் பக்கத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து இல்லாமலே ஆக்கிட்டா? கர்ணமும் நீளப் பக்கமும் ஒண்ணாயிடும். தரையில கிடக்கிற எட்டடிக் கயிறு ஏழடி ஆயிடுதே மிஸ்!"

மல்லிகா, எனக்குச் சிலிர்த்துப்போனது. பதினெட்டு வருடம் பாடம் நடத்துகிறேன். பூஜ்ஜியம் வரைக்கும் கொண்டுபோய்ப் பார் என்று நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அப்படியானால் எப்போதெல்லாம் இது சரியாக வரும் என்று கேட்டேன். குட்டைப் பக்கம் 1, நீளம் x என்று வைத்து, விதி தரும் கர்ணத்தை வர்க்கப்படுத்தி x² + 1-க்குச் சமப்படுத்தினோம். வந்து நின்றது 15x² − 56x + 48 = 0. அத்தனை பேரும் வெறுக்கிற இருபடிச் சமன்பாடு! பெருக்கினால் 720 (15 × 48), கூட்டினால் 56 வருகிற இரண்டு எண் வேண்டும். "36, 20!" என்று மூன்று பெஞ்சிலிருந்து ஒரே நேரத்தில் குரல். (3x − 4)(5x − 12). x என்பது 4/3 அல்லது 12/5. அதாவது 3-4-5 வடிவத்துக்கும் 5-12-13 வடிவத்துக்கும் மட்டும் அச்சாகப் பொருந்தும், வேறு எதற்கும் பொருந்தாது. கொண்டுவந்த பையன் கொஞ்சம் வாடினான். ஆனால் 15, 8-க்கு 17.125 வருகிறது, விடை 17. வர்க்கமூலம் தெரியாமல் இவ்வளவு கிட்டே வர முடிகிறதே, அதுவும் பெரிய விஷயம்தான் என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

மறுநாள் அவன் தன் அப்பாவின் டேப்பையும் நூலையும் கொண்டுவந்தான். அப்பா கொத்தனார். மனையில் மூலை மட்டம், அதாவது மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க அவர் தினமும் போடுவது இதே 3, 4, 5 தானாம். வகுப்பறை மூலையில் ஒரு சுவரில் மூன்றடி, மறு சுவரில் நாலடி குறித்துக் குறுக்கே பிடித்தோம். ஐந்தடி அரை அங்குலம். எங்கள் அறையின் மூலை மட்டமாக இல்லை! மணி அடித்தும் யாரும் வெளியே போகவில்லை.

உன் கட்சியை மொத்தமாகத் தள்ளவில்லை. அந்த டேப்பும் வாழ்க்கைதானே. ஆனால் பயன்படும் என்று நான் சொன்னபோது அவர்கள் அசையவில்லை. இது உண்மையா என்று தாங்களே தீர்ப்புச் சொல்லலாம் என்று தெரிந்தபோதுதான் எழுந்து வந்தார்கள். நீயும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு தடவை செய்து பாரேன்.

மனசைப் பிசைவது அந்தப் பெண்தான். பத்தாவதோடு நிறுத்தி மில்லுக்கு அனுப்புவதாக வீட்டில் பேச்சு. அப்பா இல்லை, இரண்டு தம்பிகள். சனிக்கிழமை அவள் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. இதில் நீ கெட்டிக்காரி, அந்தத் தேனிப் பெண் விஷயத்தில் வீட்டாரிடம் எப்படிப் பேசினாய் என்று விவரமாக எழுது. சனிக்கிழமைக்குள் வேண்டும். கடிதம் வராது என்றால் போன் செய், சத்தியமாக எடுக்கிறேன்.

இன்னொன்று. நேற்று அவள் என் மேஜையில் ஒரு தாளை வைத்துவிட்டு ஓடினாள். எட்டும் பாதியும்தான் வேண்டுமா, நாமே ஒரு விதி செய்யலாமே என்று யோசித்தாளாம். 3-4-5-க்கும் 8-15-17-க்கும் பொருந்துகிற மாதிரி இரண்டு சமன்பாடு எழுதித் தீர்த்திருக்கிறாள். நீளத்தைப் பதின்மூன்று கூறாக்கிப் பதினொன்று எடு, குட்டையைப் பதின்மூன்று கூறாக்கி ஏழு எடு, இரண்டையும் கூட்டு. நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரி என்றேன். அவளுக்குப் போதவில்லை. "வேற ஸ்கூல் மிஸ் யாராவது பார்த்துச் சொல்லணும்" என்கிறாள். தாளை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் போட்டு, கையெழுத்துடன் திருப்பி அனுப்பு.

உன்
சுமதி