ஒரே நாளில் ரெண்டு பார்க்கா, மாப்ளே?

அன்புள்ள மாப்ளே,

வீட்டுப் படங்கள் எல்லாம் பார்த்தேன். வாசலில் திண்ணை வைத்துக் கட்டியது பெரிய காரியம்டா. இந்தக் காலத்தில் அந்த இடத்தில் இன்னொரு பைக்கை நிறுத்தலாமே என்றுதான் எல்லாரும் யோசிப்பார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வராத குறையை, அம்மா இங்கே வரும்போது நேரில் திட்டு வாங்கித் தீர்த்துக்கொள்கிறேன். பாப்பா பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டாள் என்று படித்ததும்தான் நமக்கும் வயதாகிறது என்று உறைத்தது. இங்கே என் மூத்தவன் லேர்னர்ஸ் பர்மிட் வாங்கி என் காரை ஓட்டிப் பழகுகிறான். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேன். வரிக் கணக்கு, அலுவலக ஆடிட் என்று ஏப்ரல் பாதி ஓடிவிட்டது, அதனால்தான் பதில் தாமதம்.

உன் பெரிய கேள்விக்கு வருகிறேன். ஜூனில் வருகிறீர்கள், ஆர்லாண்டோவுக்கு மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறாய், டிஸ்னியின் நாலு பார்க்கையும் பார்த்துவிட வேண்டும். நியூஜெர்சி மச்சான், "பார்க் ஹாப்பர் டிக்கெட் போடுங்க, ஒரு நாளைக்கு ரெண்டுன்னு ரெண்டே நாள்ல முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார். ஒரே நாளில் ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போக விடுகிற டிக்கெட்தான் இந்த ஹாப்பர். மூன்றாவது நாள் பாப்பாவுக்காக, ஹாரி பாட்டர் உலகம் இருக்கிற யுனிவர்சல். போடலாமா, வேண்டாமா என்று கேட்கிறாய்.

டிஸ்னிக்கு வேண்டாம், யுனிவர்சலுக்குப் போடு. இதுதான் என் பதில். ஏன் என்று கேட்பாய், அதனால்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

மச்சான் சொல்வதைக் கேட்டால், கும்பகோணத்தில் வேன் பிடித்து ஒரே நாளில் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் சுற்றி வருகிற கணக்கு மாதிரி இருக்கிறது. அங்கேயாவது உள்ளே போய்க் கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இங்கே ஒவ்வொரு பார்க்கும் உள்ளே போய் ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டிய இடம். டிஸ்னியின் நிலம் சுமார் 40 சதுர மைல். மேஜிக் கிங்டம் 1971-இல் வந்தது, எப்காட் 1982-இல், இப்போது ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று சொல்கிறார்களே அது 1989-இல், அனிமல் கிங்டம் 1998-இல். ஒவ்வொன்றையும் அந்த நிலத்தில் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். "அடுத்த பார்க்" என்பது அடுத்த வாசல் இல்லை.

மேஜிக் கிங்டத்திலிருந்து மத்தியானம் அனிமல் கிங்டம் கிளம்புகிறீர்கள் என்று வை. பார்க்கிங் லாட் மேஜிக் கிங்டம் வாசலில் இல்லை, நடுவில் ஒரு ஏரி இருக்கிறது. மோனோரயில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய படகில் ஏற வேண்டும். படகு நிரம்பும் வரை நின்று, ஏறி, அக்கரையில் இறங்கினால் அங்கே, கார் நிறுத்திய இடத்துக்குக் கொண்டுவிடும் டிராமுக்கு ஒரு வரிசை. லாட்டுகளுக்கு அலாவுதீன், ஜாஃபர், வுட்டி என்று பாத்திரங்களின் பெயர். காலையில் எந்தப் பெயரில் நிறுத்தினோம் என்று குடும்பத்தில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், படம் எடுத்து வைத்துக்கொள். கார் உலையாய்க் கொதிக்கும். ஏசி போட்டு, கால் மணி நேரம் ஓட்டி, மறுபடி பார்க்கிங், மறுபடி டிராம், மறுபடி பை சோதனை, மறுபடி டிக்கெட் வாசல். கைக்குழந்தையும் வயதானவர்களும் இல்லாத நாலு பேர் என்றால் முக்கால் மணி நேரத்தில் முடியும். உங்கள் கூட்டத்துக்கு, நடுவில் பாத்ரூம், தண்ணீர், சின்னவனின் அழுகை எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று எழுதி வைத்துக்கொள். போன கோடையில் என் அத்தை பையன் குடும்பம் இப்படித்தான் மாறியது. இரண்டாவது பார்க்கில் அவர்கள் ஏறியது இரண்டே ரைடு. அதில் ஒன்றில் பெரியவர் தூங்கிவிட்டார்.

பார்க்கிங்கில் ஒரு நல்ல விஷயம்: ஒரு தடவை பணம் கட்டினால் அன்றைக்கு நாலு பார்க்கிலும் செல்லும். காரை ஒரு பார்க்கில் விட்டுவிட்டு அவர்களுடைய பஸ்ஸிலும் மாறலாம், பஸ் இலவசம். ஆனால் ராத்திரி காரை எடுக்கத் திரும்பிப் போக வேண்டும். அதிலும் அனிமல் கிங்டம் பெரும்பாலும் மற்ற மூன்றுக்கும் முன்னாலேயே மூடிவிடும். தூங்கும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டில் கார் தேடப் போகிற வேலை.

அம்மாவின் முட்டி வலி பற்றி எழுதியிருந்தாய். அவர்களுக்குச் சக்கர நாற்காலி எடுத்தே ஆக வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. பார்க் வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதை வெளியே கொண்டுபோக முடியாது. ஒரு பார்க்கில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த பார்க்கில் ரசீதைக் காட்டி வேறொன்று வாங்க வேண்டும். நடுவில் படகு, டிராம், லாட் எல்லாம் அம்மா நடந்துதான் வர வேண்டும். ஹாப்பர் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஜூன் மாதம் வேறு. ஃப்ளோரிடாவில் கோடை மத்தியானம் மூன்று, நாலு மணிக்கு வானம் கறுத்து இடி இடிக்காத நாளை எண்ணிவிடலாம். மின்னல் என்றால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டூடியோஸையும் இணைக்கிற ஸ்கைலைனர் என்ற ரோப்கார் இருக்கிறது, 2019-இல் வந்தது. அதையும் நிறுத்திவிடுவார்கள். எல்லாரும் பார்க் மாறலாம் என்று கிளம்புகிற நேரமும் மழை வருகிற நேரமும் ஒன்றாகவே இருக்கும்.

மச்சான் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் ஹாப்பரைத் திரும்பக் கொண்டுவந்தபோது, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் இரண்டாவது பார்க்குக்குப் போகலாம் என்று வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள், இப்போது எப்போது வேண்டுமானாலும் மாறலாம். குழந்தைத் தள்ளுவண்டியும் பாட்டியும் இல்லாமல் நாமிருவரும் அந்தக் காலத்து வயதில் வந்திருந்தால், நானே நாலு பார்க்கும் ஒரே நாளில் என்று கிளம்பியிருப்பேன். அதைப் பந்தயம் கட்டிச் செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

டிஸ்னியில் ஒரே ஒரு மாற்றம் எனக்கு எப்போதும் பிடிக்கும். பகலில் மேஜிக் கிங்டம், சாயங்காலம் எப்காட். காரை மேஜிக் கிங்டத்துக்கு நிறுத்திய இடத்திலேயே விட்டுவிடலாம். எப்காட் மோனோரயில் அங்கிருந்தே கிளம்பும், ராத்திரி அதிலேயே திரும்பலாம். வண்டி நிலையத்துக்குப் போகும் முன் எப்காட்டுக்குள்ளேயே ஒரு சுற்று வரும். அந்த வெள்ளிப் பந்து கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது போல இருக்கும், சின்னவன் சீட்டில் ஏறி நிற்பான், பிடித்துக்கொள். உள்ளே ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் அரங்குகள். மெக்சிகோ, நார்வே, சீனா, ஜப்பான், மொராக்கோ என்று வரிசையாக. 1988-இல் நார்வே வந்த பிறகு புது நாடு சேர்க்கவே இல்லை. இந்தியா இல்லை, கேட்டால் நமக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ரைடுக்கு ஓடத் தேவையில்லாமல், வெயில் தாழ்ந்த பிறகு நடந்து, எதையாவது வாங்கித் தின்று, ராத்திரி ஏரியின் மேல் வாணவேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். அப்படிப் போனால் மேஜிக் கிங்டம் கோட்டையின் வாணவேடிக்கை கிடைக்காது. இரண்டில் ஒன்றுதான்.

ஆனால் இதற்காக முன்கூட்டியே ஹாப்பர் வாங்காதே. இரண்டு விஷயம் கவனி. ஹாப்பருக்கான கூடுதல் தொகை, இரண்டு நாள் டிக்கெட்டுக்கும் நாலைந்து நாள் டிக்கெட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல்தான் இருக்கும். நீண்ட நாள் தங்குகிறவனுக்கு அது பரவிவிடும், உனக்கு இரண்டு நாளின் தலையில் விழும். ஒரு நாளுக்கு மட்டும் ஹாப்பர் என்று வாங்கவும் முடியாது. இரண்டாவது, சாதாரண டிக்கெட்டில் உள்ளே போன பிறகும், டிக்கெட் முடிவதற்குள் வித்தியாசத்தைக் கட்டி மாற்றிக்கொள்ளலாம். டிக்கெட் ஆளுக்கு ஆள் தனி. ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரையும் ஒரு பார்வை பார். அம்மாவும் சின்னவனும் தங்கச்சியும் ரூமுக்குப் போகிறோம் என்றால், நீயும் பாப்பாவும் மட்டும் மாற்றிக்கொண்டு எப்காட் போய்விட்டு வாருங்கள். அப்பாவும் மகளும் தனியாக ஒரு சாயங்காலம். அவள் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டால் அதற்கு நேரம் கிடைக்குமா, யோசி.

டிஸ்னிக்கான இன்னொரு நாள் முழுக்க அனிமல் கிங்டத்துக்குக் கொடு. அம்மாவுக்காகச் சொல்கிறேன். வாசல் திறக்கும்போதே போய், முதலில் கிளிமஞ்சாரோ சஃபாரி ஏறிவிடுங்கள். திறந்த லாரியில் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை. காலையில்தான் அதெல்லாம் எழுந்து நடமாடும், வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடும். மத்தியானம் இன்னொரு பார்க்கை முடித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் பார்ப்பது தூங்கும் சிங்கத்தைத்தான். அங்கே ஆசியப் பகுதிக்கு ஆனந்தபூர் என்று ஒரு கற்பனை ஊர்ப் பெயர். மகாராஜாவின் பாழடைந்த வேட்டை மாளிகை, சுவரில் நிறம் மங்கிய ஓவியங்கள், அந்தப் பக்கம் புலி. என் மாமியார் அந்தச் சுவர் முன்னால் நின்று, "இதை யாராவது பராமரிக்கக் கூடாதா" என்று கேட்டார்கள். பழசாகத் தெரியவேண்டுமென்றே பணம் செலவழித்துக் கட்டியது என்று சொன்னதும், திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பக்கத்திலேயே எவரெஸ்ட் ரோலர் கோஸ்டர். அதற்கு 44 அங்குல உயரம் வேண்டும், சின்னவனை வீட்டிலேயே அளந்துவிட்டுக் கிளம்பு. வாசலில் வைத்து அளந்தால் ரகளை.

ஹாலிவுட் ஸ்டூடியோஸை விட்டுவிடு. நாலும் பார்த்தோம் என்று ஊரில் சொல்ல முடியாதுதான். யார் கேட்கப் போகிறார்கள்?

யுனிவர்சல் வேறு கதை. அதன் பழைய இரண்டு பார்க்கும், 1990-இல் வந்த ஸ்டூடியோஸும் 1999-இல் வந்த ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரும், பக்கத்தில் பக்கத்தில். ஒரே பார்க்கிங். ஒரு வாசலில் வெளியே வந்து அடுத்த வாசலுக்குப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். அதைவிட, இரண்டுக்கும் நடுவில் ஹாரி பாட்டர் கதையில் வருகிற ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில் ஓடுகிறது, 2014-இலிருந்து. ஒரு பக்கம் லண்டன் கிங்ஸ் கிராஸ், மறுபக்கம் ஹாக்ஸ்மீட். ஜன்னலில் தெரிகிற காட்சி போகும்போது ஒன்று, வரும்போது வேறு. இரண்டு பார்க்குக்கும் செல்லும் டிக்கெட் இல்லாதவர்களை ரயிலில் ஏற்ற மாட்டார்கள். பாப்பாவுக்கு அந்த ரயில்தான் கோயில் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதனால் அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் தள்ளி, வேறொரு இடத்தில் இருக்கிறது, ரயில் அங்கே போகாது. அதை இந்தக் கணக்கில் சேர்க்காதே.

சாப்பாட்டுக்கு அம்மா கவலைப்பட வேண்டாம். டிஸ்னிக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. புளியோதரை நாங்கள் கட்டித் தருகிறோம். ஆனால் ஊரிலிருந்து கறிவேப்பிலை மட்டும் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. அதில் வருகிற ஒரு பூச்சிதான் ஆரஞ்சு மரங்களுக்கு நோயைப் பரப்புகிறது. 2005-இல் இங்கே அந்த நோயைக் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பெரும்பகுதி போய்விட்டது. விமான நிலையத்தில் அதை லேசில் விட மாட்டார்கள். இங்கே வளர்த்ததையே நாங்கள் கடையில் வாங்கிக்கொள்கிறோம். சுக்குமல்லிப் பொடி கொண்டுவரலாம். கொண்டுவா.

இன்னொன்று. வரிசையைத் தாண்டிப் போகிற லைட்னிங் லேன் மல்டி பாஸை, டிஸ்னிக்கு வெளியே ஓட்டலில் தங்குகிறவர்கள் மூன்று நாள் முன்னால்தான் பதிவு செய்ய முடியும். முதலில் எடுக்கிற மூன்று ரைடும் ஒரே பார்க்கில்தான் இருக்க வேண்டும், ஹாப்பர் வைத்திருந்தாலும் அதே விதிதான். எந்த நாள் எந்த பார்க் என்று இப்போதே முடிவு செய்து சொன்னால், அந்தக் காலையில் நானே போனோடு உட்கார்ந்து பதிவு செய்துவிடுகிறேன். டாம்பாவில் எங்கள் வீட்டிலிருந்து ஆர்லாண்டோ ஒன்றேகால் மணி நேரம், ஐ-4 ரோடு மனது வைத்தால். சனிக்கிழமையை அனிமல் கிங்டத்துக்கு வைக்காதே. வார நாளாகப் பார், நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

அம்மா சக்கர நாற்காலி வேண்டாம் என்று அடம் பிடித்தால் வாதாடாதே, எனக்குப் போன் போட்டுக் கொடு. நான் பேசிக்கொள்கிறேன்.

உன்
பழைய ரூம்மேட்